பத்து மூட்டை

கெலுகோர், பினாங்கு.
நவம்பர் 9

அன்பு மகள் எவ்லினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முழங்கால் நீங்கலாக நான் முழு நலம். போனில் தட்டினால் என் தடித்த விரலுக்கு ஒரே நேரத்தில் மூன்று எழுத்து அகப்படுகிறது. கூப்பிடலாம் என்றால், நான் கூப்பிடும் நேரமெல்லாம் மெல்பர்னில் உனக்கு மீட்டிங். அதனால்தான் பேனா.

கிறிஸ்மசுக்கு வரும்போது தங்க இந்தப் பக்கம் நல்ல ஓட்டல் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். உன்மேல் தப்பில்லை. போன தடவை பின்கொல்லையில் தேங்கிய தண்ணீரில் பேத்தி ஷார்லின் வழுக்கி விழுந்தாள். கொசு வேறு பிள்ளையின் கன்னத்தில் விருந்து சாப்பிட்டது. மூன்றாம் நாளே கிளம்பிவிட்டீர்கள்.

இந்த முறை கொல்லையைக் காயவைத்தே தீருவது என்று மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய இந்த எஞ்சினியர் மண்வெட்டியைத் தூக்கினேன். அடுப்படி வாசலிலிருந்து பின்சந்து லொங்காங் சாக்கடை வரை நீளமாகக் குழி வெட்டினேன். உள்ளே சல்லிக்கல் பரப்பி, ஓட்டை போட்ட பைப்பை வைத்து, மேலேயும் கல் கொட்டினால் தண்ணீர் இறங்கி லொங்காங்குக்கு ஓடிவிடுமாம்.

பக்கத்து வீட்டு சலேஹா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பத்து, பத்து" என்று மலாயில் கல்லை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தாள். அது என் வாயில் ஒட்டிக்கொண்டது. ஹார்ட்வேர் கடை வாசுவுக்குப் போன் போட்டு, "தம்பி, பத்து மூட்டை அனுப்புலா" என்றேன். மறுநாள் கேட்டில் பத்து மூட்டை மணல்!

"மலாய்ல பத்துன்னா கல்லுடா!" என்று கத்தினேன். "அண்ணே, தமிழ்ல பேசிக்கிட்டே வந்து நடுவுல மலாய்ல கல்லப் போட்டா நான் எங்க போவேன்? போன மாசம் வாங்குன மணலுதான் இன்னும் பத்து மூட்டைன்னு நெனச்சேன்லா" என்றான். அரைமணி நேரம் சண்டை. உண்மையைச் சொன்னால், அந்த வாரத்தில் நான் ஒருவரோடு அவ்வளவு நேரம் பேசியது அதுதான். நன்றாக இருந்தது.

மாலையில் அவனே லாரியில் கல் கொண்டுவந்து மணலை ஏற்றிக்கொண்டான். குழியைப் பார்த்ததும், "என்னண்ணே, அடுப்படிப் பக்கம் பள்ளமா இருக்கு? தண்ணியச் சாப்பிடக் கூப்பிடுறீங்களா?" என்று சிரித்தான். இருவருமாக லொங்காங் பக்கத்தை ஆழமாக்கி, பைப்பும் கல்லும் போட்டு முடித்தோம். அவன் கிளம்புகிறேன் என்றபோதெல்லாம் நான் மைலோ கலக்கினேன். மூன்று கோப்பை குடித்தான், பாவம்.

செவ்வாய்க்கிழமை பேய்மழை. குடையோடு கொல்லையில் நின்றேன். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் தரை தெரிந்தது. "வடிஞ்சிருச்சு பாரு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சலேஹாகூட அன்றைக்கு ஊரில் இல்லை. கெடா மாநிலத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். நல்லவேளை, கிழவன் தனியாகப் பேசுகிறான் என்று யாரும் சிரிக்கவில்லை.

ஓட்டல் விஷயம். பாலத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, சுத்தமானது என்கிறார்கள். உனக்கும் மாப்பிள்ளை பிரவினுக்கும் அதுதான் வசதி என்றால் அப்படியே செய்யுங்கள். அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் பதிவு செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடு. முன்னறையில் மூன்று பேருக்கும் பாய் விரித்துப் பார்த்தேன். இடம் போதும். இந்த வீட்டில் இடம் நிறையவே இருக்கிறது, மகளே.

ஆண்டவர் உங்கள் மூவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
பெஞ்சமின்