அம்மா சீராகக் கொண்டுவந்த மூன்று பேர்

மூன்று மாவீரர்களை எங்கள் தலையில் கட்டிவிட்டு, தான் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துபோன என் ஆசை அம்மாவுக்கு,

நீ நிம்மதியாக இருப்பாய். உனக்கென்ன, சுவர் எங்களிடம் அல்லவா இருக்கிறது!

மற்ற வீட்டுப் பெண்கள் கல்யாணச் சீராகப் பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் கொண்டுவருவார்கள். நீ தாராபுரத்திலிருந்து அண்டாவுக்குள் ஒரு போஸ்டர் சுருளையும் செருகிக்கொண்டு வந்தாய். உன் அப்பாவின் டீக்கடைச் சுவரில் டாக்கீஸ்காரர்கள் போஸ்டர் ஒட்டுவார்கள், மிச்சமானதை உனக்குத் தருவார்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! வாங்கியதுதான் வாங்கினாய், ஒரு முருகன், ஒரு சரசுவதி என்று வாங்கியிருக்கக் கூடாதா? நான் பிறப்பதற்கு முன்பே ஓடி ஓய்ந்துபோன சண்டைப் படங்களின் முகமூடி ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கி, இந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டிவைத்தாய்.

ஒருத்தன் கோட்டைக்கு மேலே பறக்கிறான். ஒருத்தன் ரயிலைத் தோளால் முட்டி நிறுத்துகிறான். மூன்றாமவனுக்கு ஒரு வேலையும் இல்லை. சம்பள நாளில் முதலாளி நிற்பதுபோல இடுப்பில் கை வைத்து நிற்கிறான். மூன்று பேருக்கும் உடம்போடு ஒட்டிய உடுப்பு, அதற்கு மேலே ஜட்டி. பனியனும் ஜட்டியும் தைத்துப் பிழைக்கிற ஊரில் அதைப் போடும் முறை தெரியாத மூன்று பேர்!

நீ இருந்தவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீ போன பிறகு அவர்களுக்காக மல்லுக்கு நிற்பது யார்? நான்தான். விஷயம் இதுதான்: ருக்மணி அக்காவுக்கு வரன் வந்திருக்கிறது. அவிநாசிபாளையத்துக்காரர்கள். தோட்டத்துக் கிணறு வற்றியதும் நாலு மிஷின் வாங்கிப் போட்டுப் பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். போட்டோவில் பார்த்த மாப்பிள்ளை எப்படி என்று அக்காவைக் கேட்டால் தரையைப் பார்க்கிறாள். எனக்குத் தெரிந்தவரை தரையில் மாப்பிள்ளை யாரும் இல்லை.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பா சுண்ணாம்பு வாளியோடு உன் சுவருக்கு முன்னால் நின்றார்.

"என்னங்கப்பா பண்றீங்க?"

"வெள்ளையடிக்கறேன் கண்ணு. வர்றவங்க, பொண்ணு பாக்க வந்தமா, சினிமாக் கொட்டாயிக்கு வந்தமான்னு நெனைக்க மாட்டாங்களா?"

"அம்மா ஒட்டுனதுங்க அது."

"தெரியுது சாமி. அதான் கண்ண மூடிட்டு அடிக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டேதான் அடித்தார். காகிதத்தில் சுண்ணாம்பு நிற்குமா? காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, பறக்கிறவனின் மூக்கு முதலில் வெளியே வந்தது. இரண்டாவது பூச்சுக்குக் கண்கள் வந்தன. "மூணாவதும் அடிச்சீங்கன்னா எறங்கி வந்து காப்பி கேப்பானுங்க" என்றேன். அப்பா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஈரத்துணியால் மூன்று பேர் முகத்தையும் துடைத்துவிட்டது நான்தான். உனக்குச் செய்ததைவிட அதிகமாக அவர்களுக்கு முகம் கழுவியிருக்கிறேன், தெரியுமா?

உன் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டலாம் என்றாள் அக்கா. "அம்மா சேலைப் பொட்டியத் தொடாதீங்க" என்றார் அப்பா. மறுநாள், தான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து பனியன் துணி கொண்டுவந்தார். குழாயாக இருந்ததை நீளவாக்கில் வெட்டி விரித்து, ஆணியடித்துச் சுவரை மூடினார். கட்டிங் மாஸ்டர்! வெட்டிய பனியன் துணியின் ஓரம் சுருளும், தொங்கவிட்டால் இழுபடும் என்று இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் துணி என்றால் பனியன் துணி என்றுதானே நமக்குப் புத்தி ஓடுகிறது! மூடுவதற்கு வேறு துணி உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். அக்கா காப்பித் தட்டோடு வருவதற்குள் துணியின் ஓரங்கள் சுருள ஆரம்பித்துவிட்டன. ஒரு பக்கம் ரயில் எட்டிப் பார்த்தது. மறுபக்கம் ஒரு கால். நான் ஓடிப்போய்க் காலுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தார். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டே, எந்தத் துணியைக் கண்டாலும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பது. உன் மேல் போர்த்திய கோடித் துணியையே ஒருத்தர் தேய்த்துப் பார்த்தார். அன்று அழுதுகொண்டே அவரை முறைத்தேன். இவர் எழுந்து வந்து, "நல்ல நூலுங்க மாஸ்டரு, எந்த மில்லு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு இழுப்பு இழுத்தார். ஆணி குத்திய இடத்தில் இழை அறுந்து, ஏணிபோல ஒரு கோடு கீழ்வரை ஓடியது. அடுத்த இழுப்பில் துணி அவர் தோளில். மூன்று வீரர்களும் சபையில்.

அவர் கிட்டத்தில் போய் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டரு, இது எந்தக் கம்பெனி வெளம்பரமுங்க? ஜட்டிய வெளிய போட்டிருக்கறானுங்க?"

"உள்ள போட்டாச் சரக்கு தெரியாதுங்களே மாமா!" என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "வெளம்பரமில்லீங்க, சினிமாக்காரனுங்க" என்றார். "வயசுப் புள்ளைங்க இருக்கற ஊட்டுல இப்படி அரைகொறையாவா நிறுத்தி வெப்பாங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பேசியது அக்கா. ஆமாம், தரையைப் பார்க்கிற நம் அக்காதான்.

"எங்கம்மா ஒட்டுனதுங்க அத்தை. அம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்க ஆருமில்லீங்க. இவங்களத்தான் எங்கண்ணனுங்கன்னு சொல்லும்."

அந்த அம்மா காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "பொண்ணு புடிச்சிருக்குதுங்க. ஆனா கல்யாணத்துக்கு எங்க சனமெல்லாம் இந்த ஊட்டுக்கு வரும். அதுக்குள்ளார செவுத்தச் சுத்தம் பண்ணிருங்க."

"சரீங்க" என்றார் அப்பா. ஒரே ஒரு 'சரீங்க'வில் உன்னுடைய மூன்று அண்ணன்மாரும் காலி!

ஞாயிற்றுக்கிழமை அப்பா கொத்துக்கரண்டியோடு வந்தார். நான் நாலாவது போஸ்டராகச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"நகரு சாமி."

"முடியாதுங்க. என்னையுஞ் சேத்துச் சொரண்டுங்க."

"உங்கக்கா வாழ வேண்டாமா?"

நகர்ந்தேன்.

முதலாளிபோல நிற்பவனின் பூட்ஸ் ஓரத்தில் கரண்டியை வைத்தார். மைதாப் பசையில், பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலந்து எத்தனை பூச்சுப் பூசினாயோ, காகிதம் தனியாக வரவில்லை. அதோடு தட்டகலத்துக்கு மண்ணும் பொலபொலவென்று விழுந்தது. உள்ளே பார்த்தால் சுவரெல்லாம் கரையான் புற்று. அப்பா விழுந்த மண்ணின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செவுரு எப்பவோ போயிருக்குது கண்ணு. இந்தக் காயிதம்தான் புடிச்சு வெச்சிருக்குது."

எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை, அம்மா. இத்தனை வருடம் சுவரைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த இந்தத் தடியன்களில், உனக்குக் காய்ச்சல் முற்றியபோது ஒருத்தனாவது இறங்கி வந்தானா? ரயிலை நிறுத்துகிறவனுக்கு உன்னை நிறுத்தத் தெரியவில்லையே. அப்புறமும் அவர்களுக்காக நான் ஏன் சண்டை போடுகிறேன்?

அக்கா வந்து மண்ணைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அவங்ககிட்டப் போயி உள்ளதச் சொல்லீருங்கப்பா. செவுத்தச் சொரண்டித்தான் நான் அங்க போகோணும்னா, நான் போகலீங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய், வேண்டாத பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் துலக்கினாள். அந்த வரனை அவளுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா பஸ் ஏறிப் போய், பொழுது சாயும்போது திரும்பி வந்தார். அவர் செம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாஞ் சொல்லீட்டேன். அந்தம்மா மொதல்ல எனக்கொரு காப்பி போட்டுக் குடுத்துது."

"அப்பறமுங்க?"

"அப்பறம், 'தாய்மாமனுங்கன்னு உங்க பொண்ணு சொல்லிப்போட்டா. மாமனுங்கள ஊட்ட உட்டுத் தொரத்துன பாவம் நமக்கு வேண்டாமுங்க, இருந்துட்டுப் போகட்டும்'னுது. 'ஆனா முகூர்த்தத்துல மாமனுங்க வேட்டியில்லாமயா நிப்பாங்க?'ன்னு கேட்டுது."

அக்கா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்கத் திரும்பினேன். இரண்டையும் ஒரே முகத்தில் செய்துகொண்டிருந்தாள்.

இப்போது வீட்டு நிலைமையைக் கேள். அப்பா ஸ்டூல் மேல் ஏறி, இஞ்ச் டேப்பை வைத்து ரயில்காரனின் இடுப்பை அளக்கிறார். வெள்ளைத் தாளில் சிவப்புக் கரை போட்டு மூன்று வேட்டி வெட்டப்போகிறார். "பறக்கறவனுக்கு அவுந்துறாதுங்களா?" என்றேன். "பெல்ட்டுப் போட்டுக் கட்டிறலாம் கண்ணு" என்கிறார், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்! இந்த மனிதரோடு எப்படியம்மா காலம் தள்ளினாய்?

பசை காய்ச்சும் பொறுப்பு எனக்கு. கரையானுக்கு மருந்து ஊற்றுவதும் நான்தான். பயப்படாதே, வேட்டிகளை மேல் விளிம்பில் மட்டும்தான் ஒட்டப்போகிறேன். அக்காவைக் கண் கலங்காமல் அனுப்பிவைக்கிறேன். அவள் போய், சனமெல்லாம் பஸ் ஏறிய மறு நிமிஷம், உன் அண்ணன்மார் மூன்று பேரின் வேட்டியையும் நானே உருவி, நீ நிறுத்தி வைத்தபடியே நிறுத்துவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் இளைய மகள், மானங்கெட்ட மூன்று மாமன்மாருக்கு வாய்த்த ஒரே வாயாடி மருமகள்,
பூங்கொடி