மிங்குக்குப் போன மீன்தலைகள்

எடியே, நேற்று நாம் இருவரும் வேலை செய்த மீன் தொழிற்சாலையைக் கடந்து போகையில் தோஸ்க் மீன்தலை வேகும் வாசனை வந்தது. உள்ளே நீதான் நிற்கிறாய் என்று கால் தானாக நின்றுவிட்டது. நீ செத்துப்போய் மூன்று மாரி கழிந்ததை மூக்கு மறந்துவிட்டது போல. அந்தத் தொழிற்சாலை இப்போது உணவகம். கண்ணாடியில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்: 'மீனவர் வீட்டுத் தலை'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஃபியோர்ட் என்கிற உள்கடல், நடுவே மணலும் காற்றும். இந்த டேனிஷ் ஊருக்கு மீனை விட்டால் வேறு பிழைப்பு ஏது? படகு கொண்டுவரும் மீனை நாம் சீவுவோம். தலையும் முள்ளும் நீலத் தொட்டியில் விழும். தொட்டி பின்னேரம் மிங்க் பண்ணைக்குப் போகும், தோலுக்காக வளர்க்கிற பிராணிகளுக்குத் தீனியாக. மன்னாரில் வளர்ந்த உனக்கு அது பொறுக்காது. "இவங்களுக்கு மீன் தின்னத் தெரியாதடி. ருசியெல்லாம் தொட்டிக்குள்ள போகுது," என்பாய்.

இறைச்சி தின்னாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இரண்டு மூன்று தலையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாய். வாசலில் மேற்பார்வையாளன் மறித்து, எல்லோருக்கும் முன்னால் பையைத் திறக்கச் சொன்னான். தலைகளைத் திரும்பத் தொட்டியில் கொட்டிவிட்டு உன்னைக் கள்ளி என்றான். அப்போது நமக்கு டேனிஷ் அரைகுறை. அந்தச் சொல் மட்டும் நன்றாக விளங்கியது. "மிங்குக்குக் குடுக்கலாம், மனிசருக்குக் குடுக்கேலாதோ?" என்று நீ தமிழில் கேட்டாய். அவனுக்கு விளங்கவா போகிறது!

வேலை போகவில்லை, சொல்லும் போகவில்லை. மருத்துவமனையில் கடைசியாகக் கதைத்த அன்றும், "நான் களவெடுக்கேல்லத்தானேடி?" என்று கேட்டாய். ஓம் என்றேன். என் ஓம் உனக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு மீன்பிடி உரிமையைப் பெரிய முதலாளிகள் வாங்கிக்கொண்டு போக, படகுகளும் கூடவே போயின. சீவுகிற வேலை கூலி குறைந்த நாட்டுக்குப் போனது. பிள்ளைகள் ஓல்போர்க் நகரத்துக்குப் போனார்கள். மிங்க் பண்ணையும் இல்லை. மிச்சம் கோடையில் சுற்றுலா வருகிற ஜெர்மன்காரர்தான். மாரியில் பாதி வீட்டில் விளக்கே எரிவதில்லை. ஊரையே சீவி விற்றுவிட்டு, தலையை இப்போது தட்டில் வைக்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

உள்ளே போய் ஒரு தலை கேட்டேன். பரிமாறிய பெண் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "பயப்பட வேண்டாம். கன்னத்துச் சதைதான் ருசி. கையாலும் சாப்பிடலாம்." எனக்குச் சொல்லித் தருகிறாள்!

"இந்த வாசலில் என் சிநேகிதியை இதே தலைக்காகக் கள்ளி என்றார்கள். அவள் கள்ளியில்லை," என்றேன் டேனிஷில். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது.

"அதெல்லாம் எனக்கு முந்திய காலம்," என்று அவள் சிரித்தாள்.

தலையைத் தொடாமல், கட்டித் தரச் சொன்னேன். பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே வாசலுக்கு வந்தேன். அந்தப் பெண் ஓடிவந்து எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

வீட்டில் புளிவிட்டு, நீ காய்ச்சுவதுபோல உறைப்பாகக் காய்ச்சினேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. உன் பையைத் திறந்த வாசலில் என் பைக்குக் கதவு திறந்தார்கள். அந்த மரியாதை உனக்கு வரவேண்டியது. அதைக் கொண்டுவந்து நான் யாரிடமடி கொடுக்க?