மருமகள் கேட்ட இறப்புச் சான்றிதழ்

அம்மாடி, நீ எழுந்திருக்கிறதுக்குள்ள கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், பட்டினி கிடக்காதே.

வெளிநாட்டுல உன் கல்யாணத்தைப் பதியணும்னா முதல் புருஷனோட இறப்புச் சான்றிதழ் புதுசா வேணும்னு நேத்து தயங்கித் தயங்கிக் கேட்டே. "என் பிள்ளை செத்ததை இன்னும் எத்தனை தடவைதான் நிரூபிக்கணும்?"னு கத்திட்டேன். மாமியார் புத்தியைக் காட்டிட்டேன்.

கோபம் உன்மேல இல்ல. அவன் போன அன்னைக்கு நான் சுருண்டு கிடந்தேன். ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு அந்தக் காகிதத்தை வாங்கினது நீ. இந்தத் தடவை நான் போறேன். அவன் பேரைச் சொல்றப்போ குரல் உடையும். உடைஞ்சா உடையட்டும்.

சான்றிதழை அந்த ஊர் மொழியில மொழிபெயர்க்கிறவர் மத்தியானம் வருவார், நான் வர்றவரைக்கும் உட்கார வை.

கீழே இடமில்ல, ஓரத்துல எழுதறேன்: கல்யாணத்துக்கான உறுதிமொழிப் பத்திரத்துல உன் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் கேட்டா என் பேரைக் கொடு. என்ன உறவுன்னு கேட்டா அம்மான்னே எழுதிடு.