நட்டுவாங்கம் போட்டவள் எழுதுவது

புத்தூர்,
ஏப்ரல் 20

அன்புள்ள கௌசிகாவுக்கு,

ஸ்வர்ணலதா எழுதுகிறேன். இங்கே நம் அம்மா, நைனா, நான் மூவரும் நலம். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. நீ அனுப்பும் ஃபோட்டோக்களை எல்லாம் அம்மா தன் போனில் வைத்துக்கொண்டு தெருவுக்கே காட்டிக்கொண்டிருக்கிறாள்.

என் போனுக்கு உன் மெசேஜ் வராததற்கு நெட்வொர்க் காரணம் இல்லை. நான்தான் உன்னை பிளாக் செய்தேன். ஹைதராபாத்தில் உன் யுனிவர்சிட்டி மேடையில் நீ பச்சைப் பட்டில் நின்றாயே, அந்த ஃபோட்டோ வந்த அன்றைக்கு. சின்ன வயதிலிருந்து அந்தப் பச்சை எனக்கு என்று சொல்லி வைத்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

மே மாதம் நடக்கும் உன் எம்.ஏ. கடைசிப் பரீட்சைக்கு நான்தான் வந்து தாளம் தட்டி, ஜதி சொல்லி நட்டுவாங்கம் போடவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நைனாகூட, கம்பெனியில நாலு நாள் லீவு கேட்டுக்கினு போய் வா என்கிறார். டான்ஸ் படிக்கிறேன் என்று நான் சொன்னபோது, ஆடினா சோறு துன்ன முடியுமா என்று கேட்ட அதே நைனாதான். திருப்பதியில் ஒரு ஸ்கூலில் உனக்கு டான்ஸ் டீச்சர் வேலை தயாராக இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கும் ஆட்டம் ஒரு படிப்பாகிவிட்டது.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாயாம். விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீசிட்டி போகிறேன். எட்டு மணி நேரம் நின்ற இடத்தில் நின்று செல்போனுக்கு மூடி பொருத்துகிறேன். மெஷின் சத்தத்துக்கு என் கால் தானாகத் தாளம் போடும். கால் வலிக்கிறதா என்று சூப்பர்வைசர் ஹேமநாத் ஒருநாள் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசிவிடுவாய்.

செலக்‌ஷனுக்குப் பத்து நாள் முன்னால் நான் திருமலைக்கு ஏறும் அலிபிரிப் பாதையில் படி பூஜை செய்தேன். நம் இரண்டு பேருக்கும் ஹைதராபாத்தில் எம்.ஏ. சீட் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்தேன். உனக்கும் சேர்த்துத்தான். நீயோ வீட்டில் சமர்த்தாக அடவு பழகிக்கொண்டிருந்தாய். இறங்கும்போது கால் பிசகி, என் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டது. எனக்கு மூங்கில் பத்தை வைத்துப் புத்தூர்க் கட்டு, உனக்கு சீட். பெருமாளின் நியாயம் எனக்கு இன்னும் புரியவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் முட்டி மடக்கி அரைமண்டியில் இன்றைக்கும் உட்கார முடியவில்லை.

யுனிவர்சிட்டிக்காரர்கள் திருப்பதிக்கு வந்து வைத்த செலக்‌ஷன் அன்று நமக்கு டான்ஸ் சொல்லிக்கொடுத்த நாகபூஷணம் மாஸ்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் உனக்கு நான் நட்டுவாங்கம் போட்டேன். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நீ சலங்கை கட்டிக்கொண்டு வந்து நின்றதும் எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. ஜதி முடியும் கடைசித் தீர்மானத்தில் வேகத்தைக் கூட்டினேன். வேண்டுமென்றே கூட்டினேன், கௌசி. உன் கால் தடுமாறவேண்டும், அத்தனை பேர் முன்னால் நீ பாதியில் நின்றுவிடவேண்டும் என்று கூட்டினேன்.

நீ தடுமாறவில்லை. பாவி, சிரித்துக்கொண்டே ஆடினாய். இன்னும் கூட்டினேன். அதற்கும் ஈடுகொடுத்தாய். இந்த வேகத்தில் இவ்வளவு சுத்தமான அடவைப் பார்த்ததில்லை என்று நடுவராக வந்திருந்த அந்தப் பெரிய டான்சர் எழுந்தே நின்றுவிட்டார். வெளியே வந்ததும் நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் எவ்வளவு வேகமாக ஆடுவேன் என்று அவர்களுக்குக் காட்டத்தானே வேகம் எடுத்தாய், இந்த சீட் நீ வாங்கிக் கொடுத்தது என்றாய். இரண்டு வருடமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய். நீ நன்றி சொல்லாமல் இருந்திருந்தால், நான் உன்னை நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாரையாவது ஏற்பாடு செய்துகொள்வதானால் செய்துகொள். அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். நீ திட்டுவதற்கு வசதியாக பிளாக்கை எடுத்துவிட்டேன்.

இதற்குப் பிறகும் நான்தான் வேண்டும் என்றால், ஜதிகளை எழுதி அனுப்பு. கைத்தாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை உன் காலைப் பார்த்துத்தான் தட்டுவேன், அது சத்தியம். பொறாமை போய்விட்டது என்று மட்டும் என்னை எழுதச் சொல்லாதே.

உன் கால் நன்றாக இருக்கட்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். மேடை ஏறுமுன் மறக்காமல் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொள். கொஞ்சம் பெரிதாகவே வை. நான் ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் ஸ்வர்ணா