கடல்தரையைத் தாங்குவது எது

என் வாயாடி மகளுக்கு,

கப்பலிலிருந்து இறங்கி வீடு சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். எனக்கு இருமல் குறைந்துவிட்டது.

நேற்று நீயும் அம்மாவும் போனில் பேசியபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஸ்பீக்கரை அணைக்க உன் அம்மாவுக்குத் தெரியாது.

"கட்டுரை ரெடிம்மா, அனுப்பத்தான் மனசு வரல. அப்பா முப்பது வருஷமா சொன்னத நானே தப்புன்னு சொல்றதா?" என்றாய்.

"அவர் என்ன கண்ணாடிப் பாத்திரமாடி? அனுப்பித் தொலை" என்றாள் அவள்.

எரிமலைத் தீவைச் சுற்றிக் கடல்தரை ஏன் அவ்வளவு தூரம் மேடாக இருக்கிறது? அடியிலிருந்து வரும் சூடு தரைப்பாறையை மெலிதாக்கியதால் அது மிதந்து எழுகிறது என்று நான் எழுதினேன். அப்படியானால் மேட்டின் சேற்றில் சூடு கூடுதலாக இருக்க வேண்டும். நீ கப்பலிலிருந்து வெப்பமானி ஊசியை அந்தச் சேற்றில் இறக்கி அளந்தாய், கூடுதலாக இல்லை. பாறை மெலியவில்லை, வெகு ஆழத்திலிருந்து எழும் சூடான பாறை ஓட்டமே அதைத் தாங்குகிறது என்பது உன் முடிவு. நீ முன்பு காட்டிய அளவுகளை வைத்து நானும் கணக்குப் போட்டேன். உன் பக்கம்தான் சாய்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அது என் பிடிவாதமாகவும் இருக்கலாம். பாறை வெடிப்புகளில் புகும் கடல்நீர், உன் ஊசி தொடும் முன்பே அந்தக் கூடுதல் சூட்டைக் கொண்டுபோயிருந்தால்?

இதற்குப் போனில் பதில் சொல்லாதே. கட்டுரையை அனுப்பு. வெளிவந்ததும் அதே பத்திரிகையில் நான் மறுப்பு எழுதுகிறேன். நீ அங்கேயே, எல்லோரும் படிக்கும்படி பதில் எழுது. சலுகை வேண்டாம்.

எதிர்த்தரப்பில் காத்திருக்கும்
அப்பா