மருதன் தேய்த்த தரை

உடுமலைப்பேட்டை,
சித்திரை, 1996

அம்பாலாவில் நாட்டைக் காக்கும் மாப்பிள்ளை திருமூர்த்திக்கு, உடுமலையில் ஊரைக் காக்கும் தாய்மாமன் சுப்பையன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவும் நானும் சௌக்கியம். பட்டாளத்துச் சோறு உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

உனக்குப் பேசி முடித்த பெண் மாசாணியம்மாளைப் பார்க்கப் போன வாரம் வால்பாறை போனேன். மலைப் பாதையில் பஸ் டிரைவருக்கே தலை சுற்றிவிட்டது. நான்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வளைவுக்கும் வழி சொன்னேன். பெண் நன்றாக இருக்கிறாள். ஆவணிக் கல்யாணத்துக்கு எஸ்டேட் லயத்து வீட்டுச் சனமே இறங்கி வருகிறதாம்.

இனி வயிற்றெரிச்சல் சங்கதி. மில்காரர் மண்டபத்தில் உன் கல்யாணத்தை வைக்கலாமென்று இஸ்திரிச் சட்டையோடு போய்க் கேட்டேன். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். தேதி சும்மாதான் இருக்குதுங்க என்று பேனாவைத் திறந்தவர், வீடு எந்தப் பக்கமுங்க என்றார். காலனி என்றேன். பேனா மூடிக்கொண்டது. அடடா, அன்னைக்கு வேற கல்யாணம் இருக்குதே என்றார். மறுநாள் நம் டெய்லர் சிக்கந்தர் பாயை அனுப்பி அதே தேதியைக் கேட்கச் சொன்னேன். சும்மாதான் கெடக்குது, எடுத்துக்குங்க பாய் என்றாராம்.

சிக்கந்தர் பாய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? துணி தைக்க வந்தவர்களுக்கெல்லாம் அளவெடுத்துக்கொண்டே சொல்லிவிட்டார். பத்திரிகையிலும் நாலு வரி வந்தது. டில்லியே கலங்கிப்போனதாகக் கேள்வி.

மில் முதலாளி வெங்கடபதி காரைப் போட்டுக்கொண்டு காலனிக்கே வந்துவிட்டார். கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிற ஊர் இது. என்னைவிடச் சின்னவர், அவருக்கு நான் மட்டும் ஏப்பா சுப்பையா. எங்கப்பா காலத்துல உங்களுக்குப் பண்ணுன பாவத்தை நான் கழுவிப்போடறேன் என்றார். ஓடைக்கரையில் நமக்கென்றே தனி மண்டபம் கட்டித் தருகிறாராம். முன்வளைவை முதலில் எழுப்பி, உன் அப்பா பெயரைப் பெயின்ட்டில் எழுதியே விட்டார்கள், மருதன் நினைவு சமத்துவ மண்டபம் என்று. முதல் கல்யாணம் உன்னுடையதாம், செலவு அவருடையதாம், போட்டோ பத்திரிகையில் வருமாம். எனக்கு மண்டபத் தலைவர் பதவி, நாற்காலியோடு.

பதவியெல்லாம் எனக்குப் புதுசா? அது இருக்கட்டுங்க, ஆவணிக்குப் பழைய மண்டபத்தையே எல்லாரும் குடுக்கிற வாடகைக்குக் குடுங்க என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அதுதான் உங்களுக்குன்னே தனியாக் கட்டித் தாரமே, அப்புறம் அங்க என்னப்பா வேலை என்றார். பார்த்தாயா, மாப்பிள்ளை. பாவத்தைக் கழுவுகிறேனென்று வந்தவன், அதே பாவத்துக்கு வெள்ளையடித்து, மேலே உன் அப்பன் பெயரையும் எழுதி, கும்பிடு போடச் சொல்கிறான். இங்கிலீஷிலேயே ஒரு மணி நேரம் பிடித்துத் திட்டினேன். அவருடைய கார் டிரைவரே கை தட்டினான்.

அந்தப் பழைய மண்டபத்து மொசைக் தரையை முட்டி போட்டுக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியது உன் அப்பா. மில் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியில்லாமல் தருமத்துக்கு வேலை செய்ய வேண்டுமென்று பெரிய முதலாளி உத்தரவு. திறப்பு விழாவன்று மருதனை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. பக்கத்தில் நானும் நின்றேன்.

உன் அம்மா ஓடைக்கரைக்குப் போய் அந்தப் பெயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பேரு கெடக்குது தம்பி, அந்த மனுசன் முட்டி தேஞ்ச தரை பழைய மண்டபத்துலயல்லோ இருக்குது என்றாள்.

நம் ஆட்களில் பாதிப் பேர் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். மழைக்கு ஒதுங்கக் கூரையில்லாதவர்கள், குறை சொல்ல மாட்டேன். வம்பு வேண்டாமுங்க, இல்லையென்றால் பேச்சை முறித்துக்கொள்கிறோம் என்று பெண் வீட்டிலும் இழுக்கிறார்கள். மாசாணி மட்டும், அவரு என்ன சொல்றாரோ அதுதானுங்க மாமா என்றாள்.

ஆகவே லீவைப் பத்து நாள் முன்னதாகவே எழுதிப் போட்டுவிடு. நீ யூனிபாரத்தோடு, உன் அம்மா, நான், மூன்று பேருமாகப் போய் அதே மேனேஜரிடம் அதே தேதியைக் கேட்போம். தனியாகப் போக மாமனுக்குப் பயமென்று நினைத்துவிடாதே. உடுமலையே என் பேச்சுக்கு நடுங்கும். சும்மா பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் தேவலை.

திருமூர்த்தி மலைச் சாமி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எப்படியாவது வந்துவிடு, சாமி.

உன் வரவை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்
மாமன் சுப்பையன்