திரும்புகிற கோடு

காஜா பேராங், மலாக்கா
3 மார்ச் 1957, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

கோகிலா வணக்கத்துடன் எழுதுவது. தேவாவின் மூக்கு ஒழுகுவதைத் தவிர இங்கே நாங்கள் நால்வரும் சுகம். லண்டன் குளிர் உங்கள் மார்பில் தங்கிவிடக் கூடாதென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் லண்டன் படிப்பு முடிந்ததும் நாம் சுற்றிப் பார்க்கப்போகிற பாரிசுக்கு நீங்கள் வரைந்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. பொதுப்பணித் துறையில் பாலமும் வாய்க்காலும் வரைகிறவர் ஊர் சுற்றுவதற்கும் பிளான் போடுவார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். டிரேசிங் தாளில் ஆறு, தெருக்கள், நாம் தங்கப்போகும் ஓட்டல், எல்லாம் ஸ்கேல் பிடித்து மசியில் இருக்கின்றன. நாம் நடக்கிற வழிக்குச் சிவப்பு மசி. ஒன்பது மணிக்கு இரும்புக் கோபுரம், பத்தேகாலுக்கு ஆற்றங்கரை, பதினொன்றுக்குப் பெரிய சித்திரசாலை. மேல் மூலையில் கடலும் கப்பல் வழியும். சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு, ஏடன், சூயஸ், அப்புறம் நீங்கள் வந்து எங்களை இறக்கிக்கொள்ளப்போகிற மார்ஸே துறைமுகம். தியாகு அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

எல்லாம் அழகுதான். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டில் நடக்கப்போவது யார் என்று யோசித்தீர்களா? தேவாவுக்கு நான்கு வயது. ஜாலான் பெண்டஹாராவுக்கு மளிகை வாங்கப் போனாலே பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அரை மணிக்கு ஒரு தரம் அவனுக்கு ஒன்றுக்கு வரும். பாப்பா நடப்பதை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் கப்பலேறியபோது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. இப்போது நாம் ஒரு பக்கம் கூப்பிட்டால் அவள் மறுபக்கம் ஓடுகிறாள். பெரியவன் தியாகு ஏழு வயதுக்காரன், நடப்பான். ஆனால் வழியில் பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பான். இந்தக் கூட்டத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் கோபுரத்தில் ஏற்றி இறக்க எந்தத் துறையாலும் முடியாது. ஆகவே ஒன்றுக்குப் போகிற இடங்களையும், உட்கார நிழலையும், சோறு கிடைக்கிற கடை ஒன்றையும் தயவுசெய்து படத்தில் குறித்து அனுப்புங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தெங்கேரா ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் என் மடியில் மூன்று பேரும் சரிந்து கிடக்கிறார்கள். ஆபீசில் கிளார்க் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு வாய் வரவில்லை. விண்ணப்பப் பாரத்தில் எழுதியிருக்கிறதே என்றேன். வாயால் சொல்லுங்கள் என்றார் அவர். கடைசியில் தியாகு, ஜெயபாலன் என்று ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். அன்று வீடு திரும்பும்போது ஒரு வாரம் படுத்துத் தூங்க வேண்டும் போலிருந்தது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் குளியுங்கள்.

உங்கள் கோகிலா


7 ஏப்ரல் 1957, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் புதுப் படமும், எடுத்து வரவேண்டிய சாமான்களின் பட்டியலும் கிடைத்தன. பாரிஸ் நகரத்தில் இருக்கிற கழிவறைகளுக்கெல்லாம் நீலப் புள்ளி வைத்து அனுப்பிய புருஷன் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. தேவாவுக்கு அது போதுமா என்பது சந்தேகம். மரநிழலுக்குப் பச்சை வட்டம் வைத்திருக்கிறீர்கள், கோபுரத்துக்கு முழுக் காலையும் ஒதுக்கியிருக்கிறீர்கள். வெகு நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அம்மை குத்தும் வரைதான் இருந்தது. மூவருக்கும் ஒரே நாளில் குத்தினார்கள். மூவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல். பாப்பாவின் கை வீங்கி, என் தோளை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். கம்போங் செட்டி பொன்னம்மா வந்து கஞ்சி வைத்துக் கொடுத்து, மற்ற இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டார். அவர் வீட்டில் தலைமுறையாகப் பேசுகிற மலாயும் நான் பேசுகிற தமிழும் எப்படியோ ஒத்துப்போகின்றன. நாம் ஊரில் இல்லாதபோது வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கும். போகிற பேச்சை எடுத்தாலே, ஜாங்ஙான் லாமா-லாமா என்கிறார். அதிக நாள் தங்கிவிடாதே என்று அர்த்தம். ஆகஸ்டு கடைசியில் வந்துவிடுவோம், மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு வீட்டில் இருப்போம் என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் லீவு கிடைத்தது. தலைமையாசிரியர் சேதுராமன் முதலில் முகத்தைச் சுளித்தார். நான்கு வருஷம் தற்காலிக ஆசிரியையாக இருந்து, இப்போதுதான் எனக்கு நிரந்தரம் என்று பேச்சு வந்திருக்கிறது. இந்த நேரத்தில் சீமைக்குப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? செப்டம்பர் தவணை தொடங்கும் அன்று வகுப்பில் நிற்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கம்பளித் துணி கபீர் பாய் கடையில் எடுத்தேன். மலாக்கா வெயிலில் கோட்டைப் போட்டு அளவு பார்த்தால் பிள்ளைகள் அழாமல் என்ன செய்வார்கள்? பிள்ளைகள் வளர்வார்கள், கையிலும் கீழேயும் இரண்டு அங்குலம் கூட மடித்துத் தைக்கும்படி என்னிடம் சொல்லச் சொல்லி நீங்கள் அவருக்குத் தனியாக எழுதினீர்களாமே. இரண்டரை மாதத்தில் இரண்டு அங்குலம் வளர்கிற பிள்ளைகளை நான் பெறவில்லை. இருந்தாலும் சொன்னபடி தைக்கிறேன்.

பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் மலைப்பாக இருக்கிறது. பிறப்புப் பத்திரங்கள் சரி. தியாகுவுக்குப் பள்ளி விடுப்புப் பத்திரம் எதற்கு? என் ஆசிரியர் சான்றிதழ் எதற்கு? தையல் மெஷினைக் கழற்றி மேல் பாகத்தை மட்டும் மரப்பெட்டியில் போட்டு எடுத்து வா என்கிறீர்கள். இட்லித் தட்டும் கேட்கிறீர்கள். நாம் ஊர் பார்க்கப் போகிறோமா, பாரிஸில் பலகாரக் கடை வைக்கப் போகிறோமா? கடைசியாக வந்த கடிதத்தில் நீங்கள் விளையாட்டாக ஒரு வரியும் எழுதவில்லை. வேலை அதிகமா, உடம்பு சரியில்லையா? எதுவானாலும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

சண்டையில் அடைபட்ட சூயஸ் கால்வாயைத் திறந்துவிடுவார்களாம். ஜூன் பதினான்காம் தேதிக் கப்பல் சொன்னபடி கிளம்பும் என்கிறார்கள்.

உங்கள் கோகிலா


5 மே 1957, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளைகள் சுகம். நானும் சுகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுத ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்த தியாகு, நீலப் புள்ளிப் படத்தைத் தன் நோட்டில் பிரதி எடுக்கிறேன் என்று முன் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினான். அந்த நேரத்தில் அங்கே வெயில் நேராக விழும். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா, பாரிசுக்கு அடியில ஒரு வீடு இருக்கு, வந்து பாருங்க என்று கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் நீங்கள் மசி போட்டு முடித்த படங்களில் ரொட்டித் துணுக்கால் பென்சில் கோடுகளைத் தேய்த்து எடுத்தவள் நான். நீங்கள் பென்சிலை அழுத்திப் பிடிப்பவர். எவ்வளவு தேய்த்தாலும் தாளில் தடம் நின்றுவிடும். அதற்காக ஆபீசில் ஏச்சுகூட வாங்கியிருக்கிறீர்கள். லண்டனில் இந்தத் தாளை யார் தேய்த்தார்களோ, சரியாகத் தேய்க்கவில்லை, வெயிலில் பழைய பென்சில் தடம் அப்படியே தெரிந்தது.

மாடியில் இரண்டு அறை. ஓர் அறையில் மூன்று சின்னக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். சமையலுக்கு ஒரு மூலை. ஜன்னலோரமாகச் சின்னக் கட்டம் ஒன்று போட்டு, அதில் என் தையல் மெஷின் என்று உங்கள் கட்டை எழுத்து. தெருவுக்கு எதிர்ப்புறம் பள்ளிக்கூடம், எத்தனை கஜம் என்று கணக்கும் இருக்கிறது. கீழே, லண்டன், செப்டம்பர் முதல் என்று எழுதியிருந்ததையும் படித்தேன்.

இட்லித் தட்டும் இரண்டு அங்குலமும் விடுப்புப் பத்திரமும் எதற்கென்று அப்போது புரிந்தது. கபீர் பாயிடம் போய் உங்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த நல்ல மனுஷர் ஒன்று உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லை என்னிடம் பொய் சொல்ல வேண்டும்.

மெஷினுக்கு வெளிச்சம் வேண்டும் என்று நினைத்து ஜன்னலோரம் இடம் ஒதுக்கியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் அழுதேன். என்னைப் பற்றி இவ்வளவு யோசித்தவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. கழிவறைக்கெல்லாம் புள்ளி வைத்தது எங்கள் சௌகரியத்துக்கா, நான் சிரித்துக்கொண்டே கப்பலேற வேண்டும் என்பதற்கா என்று நினைக்கும்படி ஆகிவிட்டது. இரண்டுக்கும்தான் என்று என் மனம் சொல்கிறது. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

புது அரசாங்கத்தில் நம்மவர்களுக்கு என்ன இடமோ என்று பொங்கலுக்கு முன் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஏதோ பொழுது போகாமல் எழுதுகிறீர்கள் என்று விட்டுவிட்டேன். போன வருஷம் பாடாங் மைதானத்தில் மெர்டேக்கா தேதியை அறிவித்த அன்று, தியாகுவைத் தோளில் ஏற்றிக்கொண்டு கத்திவிட்டு வந்து, மூன்று நாள் தொண்டை கட்டிச் சைகையில் பேசியது நீங்கள்தானே. வெள்ளைக்காரர் காலி செய்கிற நாற்காலிக்கு நம் ஆள் வேண்டும் என்று சொல்லித்தானே உங்களைப் படிக்க அனுப்பினார்கள்? அங்கே என்ன பார்த்தீர்கள், யார் என்ன சொன்னார்கள், எதற்குப் பயந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பயம் நியாயமாகவும் இருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு, வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம், சரி என்றும் சொல்லியிருக்கலாம். ஊர் பார்க்க வா என்று கூப்பிட்டு, அங்கே வந்து இறங்கிய பிறகு சொன்னால், மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்ல முடியும்?

நான் களைத்துப்போய்விட்டேன், அத்தான். இதை இதுவரை எழுதியதில்லை. எட்டு மாதமாகப் பிள்ளைகளையும் பள்ளியையும் வீட்டையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போவதெல்லாம், ஆகஸ்டு வந்தால் முடிந்துவிடும் என்ற எண்ணத்தில்தான். செப்டம்பரில் வகுப்பில் நிற்பேன் என்று சேதுராமன் சாரிடம் நான் போட்ட கையெழுத்து இருக்கிறது. அது பொய்க் கையெழுத்து என்று எனக்குத் தெரியாமலே என்னைப் போட வைத்துவிட்டீர்கள். நேற்று பொன்னம்மா சாவியை எந்தத் தேதி வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பாப்பா அழுகிறாள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் அழவே இல்லை.

பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீடு யாருடையது என்று தியாகு கேட்டான். அப்பா ஆபீசுக்காக வரைந்திருப்பார் என்றேன். அதை விட்டுவிட்டு மேல் மூலையில் கப்பல் வழியில் விரலை வைத்து ஒவ்வொரு துறைமுகமாகச் சொல்லிக்கொண்டே போனான். மார்ஸே வந்ததும் விரல் நின்றுவிட்டது. அப்பா திரும்பி வர்ற கோட்டைப் போட மறந்துட்டாரும்மா, போடச் சொல்லி எழுதுங்க என்றான். எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இது ஆறேழு நாளில் உங்கள் கைக்கு வந்துவிடும். பதில் வரவும் கப்பலுக்கு முன் நாள் இருக்கிறது. கோட்டுகள் தைத்து முடிந்து மடித்து வைத்திருக்கிறேன். மெஷினைக் கழற்றவில்லை. பெட்டியும் கட்டவில்லை.

அந்தக் கோடு ஒன்றைப் போட்டு அனுப்புங்கள். மசியில் போடுங்கள். மசியில் போட மனம் வராவிட்டால் தாளை அப்படியே அனுப்பிவிடுங்கள், நான் புரிந்துகொள்வேன். அப்புறம் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து கடிதத்திலேயே பேசுவோம். நீங்கள் சொல்வதை எல்லாம் கேட்பேன். ஆனால் பென்சிலில் மட்டும் போட்டு அனுப்பாதீர்கள்.

எந்த ஊரில் இருந்தாலும் உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்
கோகிலா